பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே டப்பா

என் ஒர்க்‌ஷாப்பில எந்தப் பாட்டில்லயும் பேர் எழுதி ஒட்டியிருக்காது சார். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், டிப்பர் ஜாக்கிக்கு ஊத்துற ஆயில், எல்லாமே வெள்ளம் குடிச்சுட்டுத் தூரப்போட்ட காலி பாட்டில்லதான் இருக்கும். மூடியைத் துறந்து மூக்குக்கு நேரா ஒரு தடவை காட்டினாப் போதும், இது இன்னதுன்னு சொல்லிருவேன். முப்பத்தொரு வருஷமா அப்படித்தான் வேலை செய்யுறேன். பேர் எழுதி ஒட்டுறதெல்லாம் மூக்கில்லாதவன் செய்யுற வேலைன்னு பல பேர்ட்ட சொல்லியிருக்கேன்.

நீங்க கூப்பிட்டு நான் வரல, நானா வந்தேன். வாசல்ல நின்ன ஏட்டு, "என்ன நாயகம், திங்கக்கிழமை கோர்ட்டுக்குத்தானே வரச் சொன்னோம்?"ன்னு கேட்டாரு. நான் குடுத்த சாட்சியத்துல ஒரு சின்னத் திருத்தம் இருக்குன்னு சொன்னேன். அவரு சிரிச்சுக்கிட்டே உள்ள விட்டுட்டாரு. நீங்க எழுதிக்கிடுங்க, நான் நிறுத்தி நிறுத்திச் சொல்றேன்.

பேரு முத்துநாயகம், வயசு ஐம்பத்தி மூணு. தடிக்காரன்கோணம் தாண்டி கீரிப்பாறை போற ரோட்டுல, மலை ஏறத் தொடங்குற எடத்துல ஒர்க்‌ஷாப். நாலு மாசத்துக்கு முந்தி ஒரு சனிக்கிழமை மத்தியானம், அங்க இருந்து மேல ரெண்டாவது வளைவுல, சிஜின் ஓட்டிட்டு வந்த ஜீப்பு ரப்பர் மரத்துல இடிச்சு, பால்வெட்டுக்குப் போயிட்டு வந்த தேவகனி செத்துப்போனா. அதிவேகமாவும் அஜாக்கிரதையாவும் ஓட்டினான்னு சிஜின் மேல கேஸ். வண்டி நல்ல நிலையில இருந்துதுன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். திங்கக்கிழமை அவன் குத்தத்தை ஒத்துக்கப் போறான். செய்யாத குத்தம் சார் அது. அதுக்கு முன்ன நான் பேசிரணும்.

அந்த வாரம் திங்கக்கிழமைதான் தொடக்கம். சிஜினுக்கு இருபத்தெட்டு வயசு, ஜீப்பு சொந்தம். மேல ஒரு தனியார் ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டுற பொம்பளைங்களைக் காலையில ஏத்திட்டுப் போவான், மத்தியானம் அவங்களையும் பால் கேன்களையும் ஏத்திட்டு இறங்குவான். அன்னைக்கு இறங்கும்போது என் வாசல்ல நிறுத்தி, "அண்ணாச்சி, கிளச்சைச் சவிட்டினா பெடல் தரைக்குப் போகுது. கியர் விழமாட்டேங்கு"ன்னான். கீழ படுத்துப் பாத்தேன். கிளச்சுக்குப் போற பைப்பு சேசிஸ்ல உரசித் துருவேறி, ஒரு எடத்துல ஆயில் சொட்டிக்கிட்டு இருந்துது. புதுப் பைப்பு போட்டு, பிரேக் ஆயில்தான் கிளச்சுக்கும், அதை ஊத்தி, உள்ள இருக்கிற காத்தை எடுத்தா முடிஞ்சுது. ஒரு மணி நேர வேலை.

ரப்பர் பால் வழியில உறையாம இருக்க அமோனியா சேப்பாங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அன்னைக்கு ஒரு அமோனியா கேன் மூடி கழண்டு வண்டிக்குள்ள கொட்டிக் கிடந்துது. மத்த பொம்பளைங்க நடந்தே போயிட்டாங்க. தேவகனி மட்டும் பால் கேனுக்குக் காவலா நின்னா. சேலைத் தலைப்பால மூக்கைப் பொத்திக்கிட்டு, "அண்ணாச்சி, ஒங்க மூக்கை வீட்டுல கழத்தி வச்சிட்டு வாருங்க. இல்லேண்ணா இன்னைக்கு அது செத்துப்போவும்"னு சிரிச்சா. அவளுக்கு நாப்பத்தி ரெண்டு வயசு, புருஷன் இல்ல. ஒரே மக நந்தனா நாகர்கோவில்ல நர்சிங் படிக்குறா. அந்த ரோட்டுல என்னைக் கேலி பேசுற தைரியம் அவளுக்கு மட்டும்தான் உண்டு. எனக்கும் அது பிடிக்கும்.

முக்கால் மணி நேரம் அந்த நாத்தத்துக்கு அடியில கிடந்தேன். கண்ணு எரிஞ்சுது, மூக்கு எரிஞ்சுது, பிறகு மூக்குல ஒண்ணுமே இல்லாமப் போச்சு. பைப்பை மாட்டிட்டு அலமாரியில இருந்து பாட்டிலை எடுத்தேன். பழக்கதோஷத்துல மூக்குக்கு நேரா காட்டினேன். ஒரு வாசனையும் வரல. வரலன்னா கீழ வச்சிரணும் சார். அஞ்சு நிமிஷம் வெளிய நின்னு காத்து வாங்கிட்டு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். நிறம் இளமஞ்சளா இருந்துது, இருந்த எடமும் சரியாத்தான் பட்டுது. பானெட்டுக்குள்ள இருக்கிற ஆயில் டப்பாவுல ஊத்திட்டேன்.

காத்து எடுக்க ஒருத்தர் மேல இருந்து சவிட்டணும், ஒருத்தர் கீழ காத்து வெளிய போற நிப்பிளைத் துறந்து அடைக்கணும். சிஜின் டீ வாங்கப் போயிருந்தான். தேவகனியே டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்தா. நான் கீழ இருந்து "சவிட்டு... பிடி... விடு"ன்னு சொல்லச் சொல்ல, அவ அப்படியே செய்தா. "கொள்ளாம் அண்ணாச்சி, லைசென்ஸ் எடுத்துத் தாருங்க, சிஜினை இறக்கி விட்டுருவோம்"னா. கிளச்சு நல்லா வந்துது. வண்டி போச்சு.

புதன்கிழமை திரும்ப வந்துது. சவிட்டினா கிளச்சு கீழயே நிக்குது, மேல வரமாட்டேங்கு. பைப்பு மாத்தின வண்டியில இப்படி வந்தா, உள்ள காத்து மிச்சம் இருக்குன்னுதான் முதல்ல நெனைக்கணும். திரும்பவும் காத்து எடுத்தேன். ஒரு குமிழிகூட வரல. பைப்பு முனை ரெண்டையும் விரல் வச்சுத் தடவிப் பாத்தேன், ஈரம் இல்ல. சிஜினைச் சவிட்டச் சொல்லி, கியர்பாக்ஸ் பக்கம் கம்பி எவ்வளவு தள்ளுதுன்னு பாத்தேன். தள்ளுது, ஆனா திரும்பி வர முக்குது. அப்ப கோளாறு மேல உள்ள சிலிண்டர்ல. கழத்தி உள்ள இருந்த ரப்பர் கப்பை எடுத்தேன். ஊதிப் பெருத்து, விரல்ல அழுத்தினா கொழகொழன்னு இருந்துது.

அந்த மாதிரி ஒரு கப்பு என் ஒர்க்‌ஷாப் சுவத்துல ஆணியில ஏற்கெனவே தொங்கிக்கிட்டு இருந்துது. அது வினோஜுக்க கைவேலை. வினோஜ் கீழ முக்குல கடை போட்டிருந்த ஐ.டி.ஐ. படிச்ச பையன். ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஒரு கார்ல ஆயிலை மாத்தி ஊத்திட்டான். அந்தக் கார் என்கிட்ட வந்துது. நான் கப்பைக் கழத்தி ஆணியில மாட்டி, வந்தவன் போனவன் எல்லாருக்கும் காட்டினேன். "பாருங்க, இதான் படிச்ச கப்பு"ன்னு சொல்லுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. ஆறு மாசத்துல அவன் கடையை அடைச்சுட்டு வெளிநாடு போனான். போறதுக்கு முன்ன ஒருநாள் வந்து, "அண்ணாச்சி, அதை மட்டும் எடுத்துருங்க"ன்னு கேட்டான். நான் எடுக்கல.

சிஜினை ஒரு போல்ட் வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். போல்ட் தேவையில்ல. டீ குடிச்ச கண்ணாடி கிளாஸ்ல வெள்ளம் பிடிச்சு, டப்பாவுல இருந்த ஆயிலை ரெண்டு சொட்டு விட்டேன். பிரேக் ஆயில் வெள்ளத்துல கலந்துரும், மத்த எண்ணெய் மிதக்கும். மிதந்துது. ஜாக்கி ஆயிலைத்தான் ஊத்தியிருக்கேன். அது ரப்பரைத் தின்னுற சாதி. கிளாஸை வெளிய கொட்டிட்டு, ஆணியில இருந்த வினோஜுக்க கப்பையும் எடுத்து ரெண்டையும் சேத்துப் பாத்தேன். ஒரே அளவு. ரெண்டையும் சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டேன்.

இங்கதான் நீங்க கவனமா எழுதணும். அந்த ஜீப்புல பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே டப்பாதான். கிளச்சுக்க ரப்பர் ஊதிப்போச்சுன்னா, அதே ஆயில்ல கிடக்கிற பிரேக்குக்க ரப்பரும் ஊதிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். கிளச்சு போனா வண்டி நிக்கும். பிரேக்கு போனா நிக்காது. பிரேக்குல உள்ள ரப்பர் அத்தனையும் மாத்தி, பைப்பு முழுக்கக் கழுவணும். ரெண்டு நாள் வண்டி என்கிட்ட நிக்கணும். எதுக்குன்னு அவன் கேப்பான். நான் சொல்லணும்.

நான் சொல்லல. கிளச்சுக்கு மட்டும் புதுக் கப்பு போட்டு, டப்பாவுல மேலாப்புல இருந்ததை உறிஞ்சிட்டு நல்ல ஆயில் ஊத்தினேன். சிஜின்ட்ட, "கப்பு டூப்ளிகேட்டு மக்கா, அதான் போயிருக்கு. ஞாயித்துக்கிழமை வண்டியை விட்டுட்டுப் போ, சும்மா ஒரு சர்வீஸ் செய்து தாறேன்"னேன். ஞாயித்துக்கிழமை நான் கடை துறக்கமாட்டேன். தாங்கலுக்குக் கும்பிடப் போற நாள். யாரும் வந்து எட்டிப் பாக்கமாட்டாங்க, பிரேக்கைப் பிரிச்சு எல்லாத்தையும் மாத்திரலாம். திட்டம் நல்ல திட்டம்தான். நடுவுல மூணு நாள் இருந்துது.

வெள்ளிக்கிழமை அவன் வந்து, "அண்ணாச்சி, வீல் சூடாவுது, வண்டி இழுத்துப் பிடிச்ச மாதிரி ஓடுது"ன்னான். வீல்ல கைவச்சேன், விரல் சுட்டுது. பிரேக் சிலிண்டர்ல கப்பு ஊதி அடைச்சு, சவிட்டின பிரேக்கு விடாம நிக்குதுன்னு எனக்கு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுது. அப்பவாவது சாவியைப் பிடுங்கி வச்சிருக்கலாம். தேவகனி பின்னால உக்காந்து, "என்ன அண்ணாச்சி, வாரத்துக்கு மூணு மட்டம் ஒங்க மொகத்தைப் பாக்க வேண்டியிருக்கு"ன்னா. கூட அஞ்சு பொம்பளைங்க இருந்தாங்க. அவங்க முன்னால வச்சு எனக்கு வாய் வரல. நிப்பிளைத் துறந்து அழுத்தத்தை வெளிய விட்டேன், பிரேக் அட்ஜஸ்ட்மென்டைத் தளத்தி விட்டேன். வீல் லேசா சுத்துச்சு. "சரியாயிட்டா அண்ணாச்சி?"ன்னான் சிஜின். "சரியாயிட்டு. நாளைக்கு ஒருநாள் பைய ஓட்டு"ன்னேன். பைய ஓட்டுன்னு சொன்னதை இந்த நாலு மாசமும் பெரிய காரியமா நெஞ்சுக்குள்ள வச்சிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஒண்ணேகால். மத்த பொம்பளைங்க மேல முக்குலயே இறங்கிட்டாங்க. வண்டியில சிஜினும், பின்னால கேன்களோட தேவகனியும்தான். இறக்கம் முழுக்க பிரேக்கு பாதி பிடிச்சபடியே வந்திருக்கு. சூடேறி, உள்ள ஆயில் கொதிச்சு, அவன் வளைவுல சவிட்டினப்ப கால் தரைக்குப் போயிருக்கு. வண்டி ரோட்டை விட்டு இறங்கி, பின்பக்கம் சுத்திப்போய் மரத்துல அடிச்சுது. சத்தம் எனக்குக் கேட்டுது. நான்தான் முதல்ல போய்ச் சேந்தேன். சிஜின் ஸ்டியரிங்ல தலை மோதி நினைவில்லாமக் கிடந்தான். தேவகனியை நான்தான் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தேன். கீழ இருந்து வந்த ஒரு ஆட்டோவுல ஏத்தினோம். ஆசுபத்திரி போய்ச் சேரும்போது உயிர் இல்ல. பிரேக்கு போனதைத் தவிர மத்தது உங்க பேப்பர்ல இருக்கு.

பிறகு நடந்ததையும் சொல்லிருதேன். திங்கக்கிழமை வண்டியைப் பரிசோதிக்க ஆபீசர் வந்தாரு. ஆயில் ஆறினதும் பிரேக்கு தானா திரும்ப வந்துரும் சார். அவரு ரெண்டு தடவை சவிட்டினாரு, கெட்டியா நின்னுது. "பிரேக் நல்லாத்தானே இருக்கு?"ன்னு என்னைப் பாத்தாரு. "நல்லா இருக்கு சார்"னேன். கையெழுத்துப் போட்டேன். டப்பா மூடியை அவரு துறந்துகூடப் பாக்கல.

பதினாறாம் நாள் நந்தனா, சிஜின் வீட்டு முன்னால வந்து நின்னு மண்ணை வாரித் தூத்தினா. நர்சிங் படிக்குற பிள்ளை, அன்னைக்குத் தலைவிரி கோலமா நின்னு, "எனக்க அம்மையைக் கொன்னவன் வெளங்கமாட்டான்"னு கத்தினா. சிஜின் தலையில கட்டோட வெளிய வந்து, அந்த மண்ணு தன்மேல விழட்டும்னு நின்னான். நான் கூட்டத்துல நாலாவது ஆளா நின்னேன். காத்து என் பக்கமா அடிச்சுது, கொஞ்சம் என் சட்டையிலயும் விழுந்துது. வீட்டுக்குப் போய் அந்தச் சட்டையை நானே துவைச்சேன்.

நாங்க அய்யாவழி. தாங்கல்ல கும்பிடுற எடத்துல கண்ணாடிதான் வச்சிருக்கும், விளக்குக்குப் பின்னால நம்ம மொகம் தெரியும். நாமம் இட்டுக்கிட்டு முன்வரிசையில நிக்கிறவன் நான். இந்த நாலு மாசமும் உயரமான ஆளாப் பாத்து, அவனுக்குப் பின்னாலதான் நிக்கிறேன்.  வீட்டுல ஏன் சரியாத் தின்னலன்னு கேட்டா, வயித்துல கேஸ்னு சொல்லிருவேன்.

நேத்து சிஜினுக்க பொண்டாட்டி அபிதா ஒர்க்‌ஷாப்புக்கு வந்தா. ஏழு மாசப் பிள்ளை இடுப்புல. என்னைத் திட்ட வந்திருக்கான்னு நெனச்சேன். "அண்ணாச்சி, பிரேக்கு பிடிக்கலண்ணு சொல்லிப் பாக்கலாம்ணு வக்கீல் சொல்லுதாரு. இவரு சம்மதிக்கமாட்டேங்காரு. 'அப்படிச் சொன்னா அண்ணாச்சிக்க பேரு கெட்டுப்போவும். அவரு வண்டியை நல்லாத்தான் தந்தாரு, நான்தான் சமயத்துக்குச் சவிட்டல'ண்ணு சொல்லுதாரு. நீங்க ஒருக்கா வந்து, 'பிரேக்குண்ணு சொல்லிக்க, எனக்கு வருத்தமில்ல'ண்ணு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பொய்தான். பிள்ளைக்க மொகத்துக்காவச் செய்யுங்க"ன்னா. சொல்லிட்டு என் காலைத் தொட வந்தா.

நான் காலைப் பின்னால இழுத்துக்கிட்டேன். யோசிச்சுச் சொல்லுதேன்னு சொன்னேன். அவ அதுக்கே நன்றி சொல்லிட்டுப் போனா. பொய் சொல்ல என்கிட்ட அனுமதி கேட்டு வந்திருக்கா சார். அவ கேட்ட பொய்தான் உண்மை. தலை அடிபட்டதுல கடைசி நிமிஷம் நினைவில்லாத அந்தப் பையனுக்கு அதுகூடத் தெரியல. தன் காலு சரியாச் சவிட்டலன்னு நம்பிக்கிட்டு ஜெயிலுக்குப் போகப் பாக்குறான். என்னால அதுக்கு மேல தாங்க முடியல. அதான் வந்தேன்.

இதோட முடிச்சிரலாம்னுதான் வீட்டுல இருந்து புறப்பட்டேன். ஆனா சனிக்கிழமையைப் பத்தி இன்னும் கொஞ்சம் இருக்கு. யாரும் பாக்கல, யாரும் கேக்கவும் இல்ல. எழுதுறதுன்னா அதையும் எழுதிருங்க.

சத்தம் கேட்டதும் நான் வெறுங்கையோட ஓடல. அலமாரியில இருந்து புது பிரேக் ஆயில் டின்னு ஒண்ணு, காலி பாட்டில் ஒண்ணு, ஆயில் உறிஞ்சுற சிரிஞ்சு, இதெல்லாம் எடுத்துக்கிட்டுத்தான் ஓடினேன். எடுக்கும்போது யோசிச்சு எடுக்கல. கை தானா எடுத்துது. அங்க போனப்ப வண்டியோட முன்பக்கம் ஒண்ணும் ஆகல. பின்பக்கம் மரத்துக்கும் தகடுக்கும் நடுவுல தேவகனி. தொடையில கிழிஞ்சு ரத்தம் போயிக்கிட்டு இருந்துது. ரப்பர் பால் கொட்டி எல்லா எடமும் வெள்ளையா இருந்ததால, ரத்தம் எவ்வளவுன்னு சரியாத் தெரியல. அவளுக்கு நல்ல நினைவு இருந்துது. என்னைப் பாத்ததும் அவ மொகத்துல ஒரு ஆசுவாசம் வந்துது. "அண்ணாச்சி, இஞ்ச வாருங்க"ன்னா.

நான் பானெட்டைத் துறந்தேன். டப்பாவுல இருந்ததை உறிஞ்சிப் பாட்டில்ல விட்டேன். ஆறு சிரிஞ்சு வந்துது. புது ஆயிலை ஊத்தினேன். கொஞ்சம் வெளிய சிந்திட்டு. தோள்ல கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து, பிசுபிசுப்புப் போகத் துடைச்சேன். நல்ல நீளமான துவர்த்து. தொடையைச் சுத்தி ரெண்டு கட்டு கட்ட வரும். நாலு நிமிஷம், கூடிப்போனா அஞ்சு. வந்த உடனே துணியை இறுக்கிக் கட்டியிருந்தா பிழைச்சிருப்பான்னு டாக்டர் என்கிட்டயே சொன்னாரு. யாரு முதல்ல போனதுன்னு அவருக்குத் தெரியாது.

அவ இன்னொருக்கா கூப்பிடல. அவளுக்கு என்மேல நம்பிக்கை சார். வண்டி தீப்பிடிச்சிராமப் பாக்குறேன்னு நெனச்சிருப்பா. மூடியைத் திருகிட்டு நான் போனப்ப அவ கண்ணு துறந்துதான் இருந்துது, என்னையே பாத்துக்கிட்டு இருக்கான்னு நெனச்சுத்தான் தூக்கினேன். அவளை நான் கவனிக்காம விட்டேன்னு மட்டும் எழுதிராதீங்க. அவ கூப்பிட்ட உடனே நான் பதில் சொன்னேன். "இரி, வாறேன்"னு சொன்னேன். வரமாட்டேன்னு நான் சொல்லல சார்.